கம்பி அசையக் கூடாது

வா கண்ணு, வா. செருப்ப அங்கியே வுடு. படி ஏறினதுல மூச்சு வாங்குதா? வாங்கும். செங்குத்தா கட்டி வச்சிருக்கான் மகராசன். இப்டி உக்காரு. இல்ல, அந்தச் சேரு வேணாம், அது எங்க வூட்டுக்காரரோடது. இந்த ஸ்டூல்ல உக்காரு.

ஏஜென்சியில இருந்துதானே வர்ற? பேரு இன்னா? அமலியா. ஒடுகத்தூரா, நல்லது. எம் பையன் தினகரன் பூனாவுல இருக்கான். அவன்தான் போன்லயே எல்லாத்தையும் பேசி முடிச்சான். ஆட்டோகூட அவனே சொல்லிட்டான், இப்ப வந்துடும். வந்ததும் நான் கிளம்பணும். தோ, கதவுகிட்ட இருக்கே ஒரு பை, அது என்னுதுதான். நேத்தே கட்டி வச்சிட்டேன்.

அதுக்குள்ள உனக்கு எல்லாம் சொல்லிடணும். எழுந்து நில்லு பாக்கலாம். கொஞ்சம் திரும்பு. ம்ஹூம். கொத்தவரங்கா கணக்கா இருக்கியே கண்ணு, சோறு தின்றியா இல்லியா? ஆளைப் பாத்தியா, தோ கட்டில்ல படுத்திருக்காரே, அந்த உடம்ப நீ தூக்கணும். வணக்கம் சொல்லு, காது நல்லாக் கேக்கும். இன்னாங்க, இது அமலி. நான் ஆஸ்பத்திரிக்குப் போனா உங்களப் பாத்துக்கப் போற பொண்ணு.

கேட்டியா? ரைட்டுங்கிறாரு. அவ்ளோதான் வரும். பஸ்ல கண்டக்டரா இருந்தவரு. வேலூருல அவரத் தெரியாதவங்க கெடையாது, ஏகாம்பரம்னு சொல்லு போதும். காலம்பூரா போலாம் ரைட், போலாம் ரைட்னு கத்தின தொண்டை. குளிச்சிட்டுத் தலை தொவட்டிக்கினு நின்ன மனுசன் அப்டியே சரிஞ்சுட்டாரு. வலது கையி, வலது காலு, வாயி, எல்லாம் ஒரே நேரத்துல போச்சு. போலாம் போயிடுச்சு, ரைட்டு மட்டும் நின்னுக்குச்சு. இட்லி வேணுமான்னா ரைட்டு. வயிறு வலிக்குதான்னா ரைட்டு. எந்த ரைட்டு எதுக்குன்னு எனக்குத்தான் தெரியும். உனக்குத் தெரிய நாளாகும்.

உனக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தி கையில இருக்குற போனக் கீழ வைக்க மாட்டா. இன்னொருத்தி நல்ல பொண்ணுதான், ஆனா தூக்கத் தெரியாது. கட்டில்லேந்து சேருக்கு மாத்தணும், சேர்லேந்து பாத்ரூமுக்கு, மறுபடி கட்டிலுக்கு. அதுல ஒரு பிசகு ஆச்சுன்னா முடிஞ்சுது. ரெண்டு பேரையும் நானே அனுப்பிட்டேன். தினகரனுக்குக் கோவம். இன்னாம்மா, யாரையும் தங்க வுட மாட்டியான்னான். அவனுக்கு இன்னா தெரியும், பூனாவுல உக்காந்துக்கினு.

எனக்கும் மொதல்ல தூக்கத் தெரியாது. சொல்றேன் கேளு, அப்பத்தான் உனக்குப் புரியும்.

ஆஸ்பத்திரியில இருந்து வந்த புதுசு. அவரு தம்பி தெனம் வந்து தூக்கி உட்டுட்டுப் போவாரு. ஒரு நாளு அவரால வர முடியல. சரி நம்மளே மாத்திடலாம்னு கக்கத்துல கையக் குடுத்து இழுத்தேன். இடுப்புல மளுக்குன்னுச்சு. ரெண்டு பேரும் தொபுக்கடீர்னு தரையில. நான் கீழ, அவரு மேல. அசைய முடியல கண்ணு. போனு மேசை மேல இருக்கு. ரிமோட்டு கட்டில் மேல இருக்கு. கத்துறேன், கீழ் வூட்ல ஓனரம்மா கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. டிவி பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கு. அவரு முகம் எங் கழுத்துல. ரைட்டு, ரைட்டுன்னு அழுவுறாரு. நான் வேற எங்க பாக்குறது? டிவியப் பாத்தேன்.

விளையாட்டு சேனலு. பொம்பளைங்க வெயிட்டு தூக்குறாங்க. எந்தெந்த நாடோ, ஒருத்தி மாத்தி ஒருத்தி வர்றா. மாவுல கையத் தேச்சுக்குறா, இடுப்புல பட்டையா பெல்ட்டு, வந்து நின்னு ஒரு கத்து கத்துறா, ரெண்டு பக்கமும் வெயிட்டு மாட்டின கம்பியத் தூக்குறா. என் உசரம்தான் இருப்பா ஒருத்தி, அஞ்சடிகூட இருக்க மாட்டா. அவ தூக்குறது ரெண்டு ஆளு எடை. எப்டிடீ தூக்குறன்னு கேட்டேன். வாய் வுட்டே கேட்டேன், டிவியப் பாத்து.

தரையில கெடந்து பாத்ததுல ஒரு நல்லது கண்ணு. மேசை பாதிய மறைச்சிக்குச்சு, அவங்க காலு மட்டும்தான் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. அப்பத்தான் புரிஞ்சுது, அவங்க கையால தூக்கல. காலாலதான் தூக்குறாங்க. காலை அகட்டி வச்சு, நல்லா குந்தி, மூச்ச அடக்கி, அப்பால எழுந்திரிக்கிறாங்க, அவ்ளோதான். கை சொம்மா கொக்கி. முதுகு வளையறதே இல்ல. சாயந்திரம் பால்காரரு வந்து எங் கத்தலக் கேட்டு, ஓனரம்மா வந்ததும் அவங்ககிட்ட இருந்த இன்னொரு சாவிய வாங்கிக் கதவத் தொறக்குற வரைக்கும் நான் அதையேதான் பாத்தேன். எழுப்பி உக்கார வச்சதும் ஓனரம்மா தண்ணி குடுக்குறாங்க, நான் சொல்றேன், காலுக்கா, எல்லாம் காலுதான்னு. புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சிக்கினாங்க.

பின்பக்கம் சமையல் ரூம் ஜன்னல்ல பாத்தா ஒரு தகர ஷெட்டு தெரியும். நம்ம பக்கத்துப் புள்ளைங்க அங்க வெயிட்டு தூக்குதுங்க. காலையில ஆரம்பிச்சா டமால் டமால்னு ஒரே சத்தம். முன்னெல்லாம் நான் திட்டாத திட்டு இல்ல. அன்னியில இருந்து ஜன்னல்லயே நிக்க ஆரம்பிச்சேன். ஒரு பொண்ணு, செவப்பு ரிப்பன் கட்டிக்கினு வரும். அது எப்டி நிக்குதோ அப்டி நான் இங்க அடுப்பாண்ட நின்னு பாப்பேன். மொதல்ல அரிசி மூட்டை. அப்பால கேஸ் சிலிண்டரு. அப்பால இவரு.

தோ பாரு, இந்த வாரு. இவரோட பழைய கண்டக்டர் பை வாரு. நல்ல தோலு. இதை இடுப்புல ரெண்டு சுத்து சுத்தி இறுக்கிடுவேன், பெல்ட்டு ஆச்சா? கை வழுக்காம இருக்க அவங்க மாவு தேச்சுக்குறாங்களே, நான் கோலப்பொடி தேச்சுக்குறேன். சிரிக்காத. இவரு முதுகுல எப்பவும் என் பத்து வெரலும் வெள்ளையா பதிஞ்சிருக்கும். நல்லா குந்தி, ஒட்டிக் கட்டிப் புடிச்சிக்கினு. ஒட்டணும் கண்ணு, கம்பி உடம்ப வுட்டு வெலகிச்சுன்னா இடுப்பு போச்சு. அப்பால ஒரு கத்து. அந்தக் கத்துக்குத்தான் ஓனரம்மாவே ஒரு நாளு பயந்துக்கினு மாடிக்கு ஓடியாந்தாங்க. ஒரே மூச்சுல இடுப்பு வரைக்கும். அங்க ஒரு நிமிசம் நிறுத்தம். அப்பால சேரு.

முக்கியமானது ஒண்ணு இருக்கு, அதை நீ நல்லாக் கேட்டுக்கணும். அவரு அசையக் கூடாது. ஆரம்பத்துல நான் தூக்குறப்ப இந்த இடது காலைப் போட்டு உதைச்சுக்கினு, தரையில ஊனப் பாப்பாரு. அப்டித்தான் ஒரு தடவ எனக்குக் காலு தடுமாறிப் போச்சு. நல்லா வைதுட்டேன். கம்பி அசையுமாங்க? கம்பி அது பாட்டுக்கு இருந்தாத்தானே தூக்குறவளுக்குத் தோது? நீங்க கம்பி, அசையக் கூடாதுன்னேன். ரைட்டுன்னாரு. அன்னியில இருந்து இரும்புதான். வெரல்கூட ஆட்ட மாட்டாரு. என் பேச்ச அப்டிக் கேப்பாரு. நல்லா இருந்தப்ப ஒரு நாளும் கேட்டதில்ல.

அவரு தம்பி ஒரு நாளு வந்து நான் தூக்குறதப் பாத்தாரு. வாயப் பொளந்துட்டாரு. அண்ணி, நீங்க இருக்கும்போது நான் எதுக்குன்னாரு. அதோட அவரு வர்றது நின்னுச்சு, பொங்கலுக்கு வந்ததோட சரி. தினகரன் வந்தப்ப வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினான். பதிலுக்குப் போன்ல கையெடுத்துக் கும்பிடுற பொம்மையா வந்து குமிஞ்சுது. வீரப் பெண்மணின்னு எங்க நாத்தனாரு போட்டிருந்தா. முன்னெல்லாம் போன் பண்ணா, கஸ்தூரி, நான் வந்து ஒரு வாரம் இருக்கட்டுமான்னு கேப்பா. இப்ப அதெல்லாம் கேக்குறதில்ல. கேக்க வேண்டிய அவசியமே இல்லாமப் பண்ணிட்டேன் பாத்தியா? யாரு கையையும் எதிர்பாக்குறதில்ல நான்.

இந்த மாடிய வுட்டு எறங்கி எத்தினி நாளாச்சுன்னு எனக்கே நெனப்பு இல்ல. காய் வாங்கக்கூட கூடையக் கயித்துல கட்டி வுடுறதுதான். நடுவுல ஒரு தடவ டாக்டர் கிட்ட போனேன், அதுவும் ஓனரம்மாவ உக்கார வச்சிட்டு ஓடிப் போயி ஓடியாந்தேன். சில நேரம் ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கினு நிப்பேன். மூச்சு முட்டும் கண்ணு. கீழ ஒருத்தி கீரை வாங்கிக்கினு சொம்மா நடந்து போறதப் பாத்தாலே வயிறு எரியும். அந்த ஷெட்டுப் பொண்ணப் பாத்தா இன்னும் எரியும். எதுக்குன்னு கேளு. அது தூக்கும், மேல நிறுத்தும், டமால்னு போட்டுட்டு கைய ஒதறிக்கினு தண்ணி குடிக்கப் போயிடும். நான் எங்க போடறது?

அதுலயும் ஒரு சட்டம் இருக்கு. டிவியில பாத்தேன். தூக்கினா மட்டும் போதாது, அசையாம நிக்கணும். எதிர்ல உக்காந்திருக்கவங்க கையக் காட்டுவாங்க, பொய்ங்னு ஒரு சத்தம் வரும். அப்பத்தான் கீழ போடணும். அதுக்கு முன்னாடி போட்டா தூக்குனது செல்லாது. எனக்கு எப்ப அந்தச் சத்தம் வரும்னு சில நேரம் நெனைப்பேன். வந்தா என்னா அர்த்தம்னு நெனைச்சதும் பயந்துக்கினு, சாமி வேணாம், நானே தூக்குறேன்னு கன்னத்துல போட்டுக்குவேன்.

பாலு பொங்குற வாசனை வருது, இரு. காப்பி குடிப்ப இல்ல? அங்கியே இரு. அவரத் தொட்டுடாத. சேருக்கு மாத்துற நேரம்தான், நான் வந்து மாத்துறேன், நீ பாத்துக்க. இன்னிக்கு ஒரு தடவ நானே தூக்கிட்டுப் போனாத்தான் எனக்கு மனசு ஆறும்.

இங்கேந்தே சொல்றேன், காதுல வுழுதா? உங்கிட்ட சொல்றதுக்கு இன்னா, நீயும் பொம்பளதான். எனக்குக் கர்ப்பப்பை எறங்கிடுச்சு. மொதல்ல அடி வயித்துல ஒரு இழுப்பா இருந்துச்சு. அப்பால நின்னா ஒரு வேதனை, உக்காந்தா ஒரு வேதனை. சொல்லக் கூசுது. தூக்குறப்ப ஒரு துணிய வச்சு இறுக்கிக்குவேன், அதுக்கும் ஒரு வழி கண்டுபுடிச்சேன் பாத்துக்க. டாக்டரு சின்னப் பொண்ணு. பாத்துட்டு அப்டியே சத்தம் போட்டா. இனிமே ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது, உடனே ஆபரேசன் பண்ணணும், இன்னும் தள்ளிப் போட்டீங்கன்னா ரத்தப்போக்கு ஆயி நீங்களே படுக்கையில வுழுந்துடுவீங்கன்னா. ரெண்டு தடவ தேதி குடுத்தா, ரெண்டு தடவயும் போவல. ஆளு சரியா அமையல, போவல. இன்னிக்கும் வரலைன்னா இனிமே எங்கிட்ட வராதீங்கன்னுட்டா. தினகரன் போன்ல அழுவுறான். சரிடா, இந்தத் தடவ போறேன்னு அவன் தலை மேல சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். பயமாத்தான் இருக்கு கண்ணு. ஆபரேசனுக்கு இல்ல. இவர வுட்டுட்டுப் போறதுக்கு. சக்கரை கம்மியா, ஜாஸ்தியா? பேச மாட்டேங்கிறியே. சரி, அளவாப் போடறேன்.

இந்தா, சூடா இருக்கு, பாத்து…

ஐயய்யோ. இன்னா இது? இவரு எப்டி சேர்ல? யாரு மாத்துனா? நீயா? வாரு இங்க கெடக்குது, கோலப்பொடி டப்பா மூடி வச்சது வச்சபடி இருக்குது. சத்தமே வரலியே. ஒரு கத்துகூட இல்லாம எப்டித் தூக்குன?

தூக்கலியா? தூக்கலைன்னா?

காலை ஊனிக்கோங்கய்யான்னு சொன்னியா. சொன்னதும் ஊனினாராமா. இன்னா பேசுற நீ? இவரு ஊன மாட்டாரு. இந்த வூட்ல தெனம் தூக்குறவ நான், எனக்குத் தெரியாதா? காட்டு. எங்கண்ணு முன்னாடி காட்டு, பாக்கலாம். இந்தக் காப்பிய வச்சிடறேன்.

ம்.

கையப் புடிச்சிக்கிறா. முட்டியோட முட்டி வச்சுக்கிறா. முன்னாடி சாயுங்கய்யாங்கிறா. சாயறாரே. பாதம் தரையில அழுந்துதே, வெரலெல்லாம் வெளுத்துப் போவுது. இன்னாங்க, நிக்கிறீங்களா? நீங்களா நிக்கிறீங்க? இவ்ளோ உசரமா இருந்தீங்க நீங்க? மறந்தே போச்சே எனக்கு.

உக்கார வையி. உக்கார வையி கண்ணு, போதும்.

எங்கிட்ட ஏங்க ஒரு நாளு ஊனல? ஒரே ஒரு நாளு? எனக்குக் கர்ப்பப்பை எறங்கித் தொங்குது, நீங்க காலு இருந்தும் கல்லு கணக்கா இருந்தீங்களே. யாரோ ஒருத்தி, வந்து ஒரு காப்பி நேரம் ஆவல, அவ சொன்னா ஊனுறீங்க. என் மேல அவ்ளோ கோவமா உங்களுக்கு? இன்னா பண்ணேன் நான்? பக்கத்துலயே இருந்தேனே, அதுவா?

நீ குறுக்க பேசாத. பயத்துல அடங்கி இருந்திருப்பாருன்னு நீ இன்னா கண்டே? இன்னிக்கு வந்தவ நீ. இன்னிக்கு நின்னாரு, சரி. நாளைக்குக் காலு மடங்குனா? நீ இருக்குற உடம்புக்கு அவரு மேல வுழுந்தா எலும்புகூடத் தேறாது. மொறைன்னு ஒண்ணு இருக்குது இல்ல? நான் அதை எத்தினி கஷ்டப்பட்டுக் கத்துக்கினேன். தரையில கெடந்து கத்துக்கினேன் கண்ணு. நீ வந்து காலை ஊனுங்கய்யான்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டா, அப்ப நான் இத்தினி நாளு தூக்குனது இன்னா? நான் அங்க படுத்துக் கெடந்து, இங்க இவரு உங்கையப் புடிச்சிக்கினு எழுந்து நடக்க ஆரம்பிச்சுட்டா, திரும்பி வந்து நான் இன்னா பண்றது? இந்த வூட்ல எனக்கு இன்னா வேலை? சொல்லு பாப்போம்.

ஆர்ன் அடிக்கிறான், கேக்குதா. ஆட்டோதான். வந்துட்டான்.

இரு, இரு, அவரு இன்னாவோ சொல்றாரு. இன்னாங்க? ரைட்டா? தெரியுமே. இல்லியே, வாயி வேற மாதிரி போவுதே. இன்னா கண்ணு அது, 'போ'ன்னு வருதா? சும்மா இரு, அவரு சொல்லட்டும்.

போலாமா? போலாம்னா சொன்னீங்க?

அமலி, கேட்டியா? போலாம்னாரு. போலாம் ரைட்டு. ஐயோ, அந்தப் பழைய குரலு. அந்த வார்த்தை போயிடுச்சுன்னு டாக்டருங்களே சொன்னாங்க. இன்னொரு தடவ சொல்லுங்க. ஆமாங்க, போலாம் ரைட்டு. ஏன் அந்தப் பக்கம் பாக்குறீங்க? கதவுகிட்ட இன்னா இருக்குது? என் பைதான் இருக்குது. இங்க பாருங்க, என்னப் பாருங்க. கைய ஏன் அந்தப் பக்கமே நீட்டுறீங்க?

எனக்குப் புரிஞ்சுபோச்சு. உனக்குப் புரியாது கண்ணு, அவரு பாஷை எனக்கு மட்டும்தான் தெரியும். உன்னத்தான் சொல்றாரு. கதவைக் காட்டுறாரு பாரு, நீ போலாங்கிறாரு. கோவிச்சுக்காத. புது ஆளு தொட்டா அவருக்கு ஆவாது, முன்னாடி வந்தவங்ககிட்டயும் இப்டித்தான். நீ நல்ல பொண்ணு, உம் மேல ஒரு தப்பும் இல்ல. நான் ஏஜென்சிக்குப் போன் பண்ணி அப்டித்தான் சொல்லுவேன். ஆஸ்பத்திரிக்கு என்னா, இன்னொரு தேதி குடுக்காமலா போயிடுவா? கேட்டு வாங்கிக்குவேன். தினகரன்கிட்ட நான் பேசிக்கிறேன்.

இருங்க, இருங்க, கேட்டுட்டேன். எத்தினி தடவ சொல்லுவீங்க? அவ கிளம்பிட்டா. நீங்க கம்பி, அசையக் கூடாது. நான் வாரக் கட்டிக்கினு வர்றேன், கட்டில்ல படுக்க வைக்கிறேன்.

காப்பியக் குடிச்சிட்டியா? கீழ ஆட்டோ நிக்குது பாரு, எனக்குன்னு வந்ததுதான். அதுலயே ஏறிப் போயிடு. கதவச் சாத்திக்கினு போ கண்ணு.